சைலன்ஸ் அண்ணனின் ஐந்து பெட்டிகள்

அமைதி வேண்டும் என்று கேட்டுச் சைலன்ஸ் அண்ணன் போட்ட சத்தத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால், குலசேகரத்தில் ஒரு வருடம் முழுக்க ஒலிபெருக்கி இல்லாமலே திருவிழா நடத்தியிருக்கலாம். சத்தத்தை அவரளவு வெறுத்தவரும் கிடையாது, அவரளவு உண்டாக்கியவரும் கிடையாது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. எழுதினால் தீருமா என்று பார்க்கிறேன்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. அது அவருடைய அம்மாவுக்கே அவசரத்துக்கு வராது. சைலன்ஸ் என்ற பெயர் வந்த கதை ஊருக்கே தெரியும். தோஹாவில் மேடைக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிற கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவரிடம், எங்கள் சபையில் மைக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் வேலையே ஒரு கல்யாணம். கல்யாணப் பெண் கை நிறைய வளையல். மைக் அருகே அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் கலகலவென்றது. பின்வரிசையில் கருவிகளோடு உட்கார்ந்திருந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "பொண்ணு கைய ஆட்டப்பிடாது! சைலன்ஸ்!" என்று ஒரு கத்து கத்தினார். சரியாக அந்த நேரத்தில்தான் போதகர், "இவரை உன் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டிருந்தார். பயந்துபோன பெண் வாயே திறக்கவில்லை. போதகர் மறுபடி கேட்டார். அவள் பின்வரிசையைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. அன்றே வேலை போயிற்று, பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலை போனதும் அவர் தன் வீட்டின் பின்னால் இருந்த பழைய புகைப்புரையைப் பிடித்துக்கொண்டார். ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்துகிற சின்ன அறை அது. ஜன்னல் கிடையாது. உள்ளே உள்ள கம்புகளில் பழைய ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டார். "எதிரொலிய முழுங்கிரும்" என்பது அவர் கணக்கு. உண்மையில் முழுங்கியது. கூடவே உள்ளே போகிறவர்களின் மூச்சையும் முழுங்கியது. அந்த வாடையில் ஐந்து நிமிடம் நின்றால் துணியெல்லாம் ரப்பர் தோட்டமாகிவிடும்.

அந்த அறையில் ஒரு அலமாரி. அதில் ஐந்து பெட்டிகள். ஐந்தும் பிரீஆம்ப்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைக் பிடித்துத் தருகிற சத்தம் மிக மெலிந்தது, சவலைப்பிள்ளை மாதிரி. அதைத் தூக்கி நிறுத்திக் கம்ப்யூட்டருக்குக் கேட்கும்படி செய்கிற பெட்டிதான் பிரீஆம்ப். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யத் தொடங்குகிறவர்களுக்கு இன்டர்ஃபேஸ் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அதற்குள்ளேயே பிரீஆம்ப் இருக்கிறது. மைக்கை ஒரு பக்கம் சொருகி, கம்ப்யூட்டரை மறுபக்கம் சொருகி, சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் குமிழைத் திருகினால் வேலை முடிந்தது. தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இதைச் சொல்ல எனக்கு ஒரு பத்திதான் ஆகிறது. அண்ணனிடம் நான் ஒன்றரை மாதம் கேட்டேன், அவர் சொல்லவில்லை.

ஏன் கேட்டேன் என்றால், எங்கள் அக்காவுக்காக.

ஷீபா அக்கா பள்ளிக்கூட டீச்சர், சபைப் பாடகர் குழுவில் முதல் குரல். அவளே மெட்டமைத்த பாட்டு ஒன்று உண்டு. மூன்றாவது சரணத்தில் ஒரு இடத்தில் குரல் விறுவிறுவென்று மேலே ஏறி, அங்கேயே ஒரு கணம் நிற்கும். கேட்கிறவர்கள் தங்களை அறியாமல் கழுத்தை நீட்டுவார்கள். அந்தக் கழுத்தில்தான் கட்டி வந்தது. தைராய்டு. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். "பயப்பட ஒண்ணுமில்லை. ஆனால் குரல் கொஞ்சம் மாறலாம். மேல் ஸ்தாயி திரும்ப வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அக்கா தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "பிள்ளே, அந்தப் பாட்ட மட்டும் ஒருக்க பதிஞ்சு வச்சிரு."

நான் இன்ஜினியரிங் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். எதிலும் குதித்துவிட்டுத்தான் ஆழம் பார்ப்பேன். அன்று ராத்திரிக்குள் இணையத்தில் கிடைத்த வீடியோ எல்லாவற்றையும் பார்த்தேன். ஒருவன் இந்தப் பெட்டி என்றான், இன்னொருவன் அதை வாங்கினால் வாழ்க்கையே பாழ் என்றான். எல்லோரும் பெட்டிகளைக் கொஞ்சினார்களே தவிர ஒருவனும் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டவில்லை. குழம்பிப்போய்ச் சைலன்ஸ் அண்ணனிடம் போனேன். அதைவிட ஒரு கிணற்றில் குதித்திருக்கலாம்.

வாசலில் அவருடைய அம்மா கையில் தேங்காய்ச் சில்லோடு நின்றிருந்தார்.

"லேய் மக்கா, கொழம்புக்கு அரைக்கணும். மிக்ஸி போடட்டா?"

உள்ளேயிருந்து, "பொறும்மா! நாய்ஸ் செக் பண்ணுகேன்லா!"

அம்மா என்னைப் பார்த்தார். "கல்ஃபுலேருந்து சொர்ணம் கொண்டாருவான்னு இருந்தேன். பெட்டி கொண்டாந்தான். பிரிட்ஜு முனகுதாம், அத வித்தாச்சு. இன்வெர்ட்டரு முனகுமாம், அது வாங்கப்பிடாதாம். நான் மூச்சு விடுகது மட்டும் பாக்கி."

நான் உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்டர்ஃபேஸா? அந்த சோப்பு டப்பாவா? ஏட்டி, அதுல உள்ள பிரீஆம்ப் பிரீஆம்பே இல்ல கேட்டியா. கொசு. உங்க அக்கா குரலு என்ன கொரலு! அத கொசுகிட்டயா குடுப்பா?"

"அப்ப எதுதான் வாங்கணும், அண்ணா?"

"அத அப்பிடி டக்குன்னு சொல்ல முடியாது. கொரலு எப்பிடி, மைக்கு எப்பிடி, ரெண்டுக்கும் பொருத்தம் பாக்கணும்."

ஜாதகமே பார்த்துவிட்டார் மனிதர். அலமாரியிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கினார். எல்லாவற்றுக்கும் ஒரு குணம் சொன்னார். "இது சாளை மீனு பொரிச்ச மாதிரி, முறுமுறுன்னு இருக்கும். இது அவியலு. எல்லாம் கேக்கும், ஒண்ணும் தனியா கேக்காது. இது மரச்சீனிக் கெழங்கு, நல்ல கனம்." எனக்குப் பசித்ததுதான் மிச்சம்.

"இதுல நீங்க பதிஞ்ச பாட்டு ஏதாவது போடுங்கண்ணா, கேப்போம்."

அவர் என்னை ஒரு புழுவைப் பார்ப்பது போல் பார்த்தார். "பாட்டா? இன்னும் செட்டே ஆவல்ல, பாட்டாம்."

தோஹாவிலிருந்து வந்து இத்தனை வருடத்தில் அந்த அறையில் அவர் ஒரு பாட்டுகூடப் பதிவு செய்ததில்லை! அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். அக்காவின் குரல் என்றதும் பயந்துவிட்டேன். மட்டமான பெட்டியில் பிடித்து, கடைசியில் அது மட்டுமே மிஞ்சினால்? அந்தப் பயத்தைத்தான் அவர் தினம் ஒரு கரண்டி ஊற்றி வளர்த்தார். நான் வரிசையாக எதைக் காட்டினாலும் ஒரு குறை. ஒன்று சூடு, ஒன்று குளிர், ஒன்றின் குமிழ் திருகும்போது "மனசுக்குப் பிடிக்கல்ல." ஆபரேஷன் தேதி நெருங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் கேட்காமலே அந்தச் சின்னப் பெட்டிக்கும் ஒரு மைக்குக்கும் ஆர்டர் போட்டேன். மைக் வந்தது. பெட்டி வரவில்லை. விசாரித்தால், கூரியர்காரர் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டது சைலன்ஸ் அண்ணனிடம். அவர் அட்டைப்பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ள இஞ்ச இல்ல, சென்னைக்குப் போயாச்சு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்!

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் பறந்தேன். மிதித்த சைக்கிளை அவர் வாசலிலேயே கீழே போட்டேன்.

"எம் பார்சல திருப்பி அனுப்ப நீங்க யாரு?"

"ஏட்டி, மெல்ல. உள்ள மைக்கு ஆன்ல இருக்கு."

"இருக்கட்டும்! பதியட்டும்! இதாவது பதியட்டும் அந்த ரூமுல!"

"உனக்கு நல்லதுக்காக்கும் செய்தேன். நாளைக்கு அந்தக் கொரலக் கேட்டுட்டு நீ கெடந்து அழப்பிடாதுல்லா?"

"கொரலே இல்லாமப் போனா எதக் கேட்டு அழ?"

நான் பஸ் பிடித்து மார்த்தாண்டம் போய், கூரியர் ஆபீஸில் சண்டை போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீடு மெயின் ரோட்டில். பஸ், லாரி, ரப்பர் கட்டை ஏற்றிய டெம்போ, எல்லாம் வாசலை உரசிக்கொண்டு போகும். பாட்டுப் பதிய அந்தப் புகைப்புரையை விட்டால் வேறு இடமில்லை. வெட்கத்தை விட்டுவிட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு மறுபடி அங்கேதான் போனேன்.

லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, பெட்டியைச் சொருகி, மைக்கை மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தேன். 'ங்ங்ங்ங்' என்று ஒரு முனகல். பாட்டுக்குப் பின்னால் யாரோ வயிற்றுவலியோடு படுத்திருப்பது போல.

அண்ணன் முகத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. "நான் சொன்னேம்லா! கொசு! கொசு!"

பிறகு அவருடைய பெட்டிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். சாளையும் முனகியது. அவியலும் முனகியது. மரச்சீனிக் கிழங்கு கனமாக முனகியது. தினமும் அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த ரப்பர் வாடையில் நிற்பாள். அவர் வயரைப் பிடுங்குவார், மாட்டுவார். அக்கா முதல் வரியைத் தொடங்குவாள். "சைலன்ஸ்!" என்பார்.

"நான் பாடத்தானே வந்தேன்?" என்றாள் அக்கா ஒருநாள்.

"பாட்டு இல்ல டீச்சர், மூச்சு. வரிக்கு முன்னால மூச்சு எடுக்கியள்லா, அது கேக்குது."

அக்கா யாரையும் கடிந்து பேசாதவள். அன்று அவள் முகம் சிவந்தது. "மூச்சு விடாமப் பாட நான் செத்த பொறவு வாறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

"உங்களுக்குப் பாட்டு வேண்டாம். ஆளும் வேண்டாம். பெட்டிதான் வேணும். இத வச்சு நீங்க சத்தமில்லாம இருங்க!" என்று கத்தினேன். அவரும் கத்தினார். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. ஒன்றரை மாதம் அப்படியே நாசமாகப் போயிற்று.

விடிந்தால் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்ற நாள் வந்தது. நிலைமை அப்படி இருக்க, அன்று காலையில் கரண்ட் போயிற்று. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்களே, அந்த நாள். எனக்கு வேலை ஓடவில்லை. கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், அந்தப் பெட்டியைப் பாட்டரியில் கிடந்த லேப்டாப்பில் சொருகி, ஹெட்போனை மாட்டினேன்.

முனகல் இல்லை.

குமிழைத் திருகினேன். இன்னும் திருகினேன். சுவரில் பல்லி கத்தியது, அது கேட்டது. முனகல் மட்டும் இல்லை.

என் லேப்டாப்பின் பாட்டரி கிழடு. பிடுங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது என்று சார்ஜரை நான் ஒருபோதும் கழற்றியதில்லை. முனகியது கொசுவும் இல்லை, மரச்சீனியும் இல்லை. என் சார்ஜர்! அந்த ஒரு வயரை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தோம்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை, டிவி இல்லை, மர அறுப்பு மில் இல்லை. குலசேகரம் முழுக்க அமைதி. வருடக்கணக்காக அண்ணன் தொண்டை கிழியக் கேட்ட அமைதியை மாதம் ஒருமுறை தவறாமல் கொடுத்திருக்கிறார்கள். அன்றெல்லாம் அந்த மனுஷன் கரண்ட் இல்லை, பெட்டிகள் எரியவில்லை என்று துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறார்!

அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் புகைப்புரை வாசலில் தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கறண்டு இல்ல. இன்னைக்கு ஒண்ணும் நடக்காது. போங்க."

ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். அவர் கேட்டார். கண்கள் மெல்ல விரிந்தன. அலமாரியில் செத்துக் கிடந்த ஐந்து பெட்டிகளையும் ஒருமுறை பார்த்தார். என் கையில் இருந்த சோப்பு டப்பாவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து முதன்முறையாக, அவர் சத்தமே போடவில்லை.

அக்கா உள்ளே போய் நின்றாள். பாட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பதிவை அழுத்தினேன். அடுத்த வீட்டிலிருந்து 'கிறீச்... கிறீச்...' என்று எழுந்தது.

உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற மெஷின். கையால் சுற்றுவது. அதற்குக் கரண்ட் தேவையில்லை.

அண்ணன் கையாலைச் சுவரில் ஏறி அந்தப்பக்கம் குதித்தார். பேச்சு இங்கே கேட்டது.

"ஓய் தங்கப்பன் மாமா, கொஞ்சம் நிறுத்தும்."

"நிறுத்தவா? பாலு ஒறஞ்சாச்சுடே. இப்ப அடிக்கல்லன்னா கட்டியாப் போவும். பொறவு சுத்த எனக்கு சீவன் இல்ல."

"கட்டியானாலும் நான் சுத்துகேன். எல்லாத்தயும் நானே அடிச்சுத் தாறேன். இப்ப மட்டும் நிறுத்தும்."

"நீயா? அந்தக் கிறீச்சு கேட்டா ஊரக் கூட்டுவியேடே!"

"டீச்சருக்கு நாளைக்கு ஆபரேஷன், மாமா."

மெஷின் நின்றது.

அக்கா பாடினாள். முதல் சரணத்தில் குரல் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவதில் நிமிர்ந்தது. ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவில் கண்ணை மூடி, கழுத்துக் கட்டியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு பாடினாள். நான் ஒரு கண்ணால் பாட்டரியையும் ஒரு கண்ணால் சிவப்பு விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சரணம். குரல் ஏறியது, ஏறியது, மேலே போய் நின்றது. அங்கே ஒரு கணம் உலகத்தில் எதுவும் அசையவில்லை. பிறகு அவள் இறங்கி, கடைசி வரிக்கு முன்னால் மூச்சு எடுத்தாள்.

"சைலன்ஸ்!"

தூரத்தில், தெருமுனையில், அந்தத் தொண்டை. மீன்காரர் பைக்கில் வந்திருக்கிறார். அண்ணன் வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மீன்காரர் பிற்பாடு என்னிடம் சத்தியம் பண்ணினார்: "நான் ஹாரனே அடிக்கல்ல பிள்ளே. கை அதுக்குப் பக்கத்துல போச்சு, அவ்வளவுதான்."

அக்காவின் தோள் குலுங்கியது. நிறுத்திவிடுவாளோ என்று பதறினேன். அவள் சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு கடைசி வரியைப் பாடி முடித்தாள். நான் சேமித்த கையோடு திரை கறுத்துப்போனது. இன்னொரு தடவை பாட வழியில்லை. அன்றைக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

அண்ணன் ஓடிவந்தார். "ஏதாவது கேட்டுதா? எஞ்சத்தம் விழுந்துதா?"

"விழுந்துது."

தலையில் அடித்துக்கொண்டு கையாலை ஏறிப் போனார். அன்று சாயங்காலம் வரை அந்தக் கட்டிபட்ட பாலை அவரே சுற்றி அடித்தார். 'கிறீச், கிறீச்' என்று ஊரே பல்லைக் கடித்தது. அவருடைய அம்மா சந்தோஷமாக வந்து வேடிக்கை பார்த்தார். "சுத்துலே, நல்லா சுத்து" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் கொஞ்ச நாள் கழித்துத் திரும்பியது. கீழே எல்லாம் பழையபடி இருக்கிறது, அந்த மேல் இடம் மட்டும் வரவில்லை. அக்கா இப்போது ஒரு கட்டை இறக்கிப் பாடுகிறாள். குழுவில் அந்த இடத்தை வேறொரு பெண் எடுக்கிறாள், நன்றாகத்தான் எடுக்கிறாள்.

நான் சென்னைக்கு வந்துவிட்டேன். அந்தச் சோப்பு டப்பாதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அண்ணன் அவ்வப்போது போன் செய்கிறார்.

"ஏட்டி, அந்த எடத்த வெட்டி எடுத்தியா?"

"இல்ல."

"சவத்த எடுத்துத் தொலைக்கப்பிடாதா? நல்ல பாட்டுல ஒரு நாய்ஸு!"

"எடுக்க மாட்டேன். எங்கள என்ன பாடு படுத்தினீங்க! அதுக்குத் தண்டனையாக்கும்."

அவர் கத்துகிறார். நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். கோபம்தான், சந்தேகம் வேண்டாம். அக்கா மேலே ஏறி நிற்கிற அந்த இடத்துக்காகத்தான் பாட்டைப் போடுகிறேன். ஆனால் தெருமுனையில் அவர் 'சைலன்ஸ்!' என்று கத்தி முடிக்கும் முன்னால் பாட்டை ஒருநாளும் நிறுத்தியதில்லை.